மறைப்பதுதான் அன்பா?

மருத்துவமனைத் தாழ்வாரங்களில் ஒரு வசனம் ஓயாது கேட்டுக்கொண்டே இருக்கிறது. மருத்துவரின் அறையை விட்டு வெளியே வரும் மகனோ மருமகனோ குரலைத் தாழ்த்தி, “அவங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டாக்டர்” என்கிறார். அப்படிச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு திரைப்பட நாயகனின் களை வந்து அமர்ந்துகொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கண்கள் கலங்குகின்றன, உதடுகள் இறுகுகின்றன, பெருந்துயர் ஒன்றைத் தனியொருவனாகத் தாங்கப் போகிறவனின் பெருமிதமும் அங்கே சற்று எட்டிப் பார்க்கிறது. நான் ஏளனம் செய்யவில்லை. அந்த முகத்தை நானும் ஒருமுறை அணிந்திருக்கிறேன். அதைப் பின்னர் சொல்வேன்.

அந்த வசனத்தை நமக்கு மனப்பாடம் செய்வித்ததில் நம் திரைப்படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் குற்றச்சாட்டு. நோயைக் கதைப்பொருளாக்கிய தமிழ்ப் படங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு பாடங்களை மாறி மாறிப் புகட்டியிருக்கின்றன. நோயாளியிடமிருந்து உண்மையை மறைப்பது அன்பு என்பது ஒன்று. நோயாளி தன் நோயை வீட்டாரிடமிருந்து மறைத்துக்கொண்டு விலகிப் போவது தியாகம் என்பது மற்றொன்று. இரண்டுமே பொய்; இரண்டுமே குடும்பங்களைச் சிதைப்பவை.

மறைத்தல் எங்கிருந்து தொடங்குகிறது? வெட்கத்திலிருந்து. அந்த வெட்கத்திற்குத் திரையில் ஒரு பேருருவம் கொடுத்த படம் 1954-இல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’. எம்.ஆர். ராதாவின் நடிப்பு இன்றும் வியக்க வைக்கிறது. அதில் எனக்கு ஐயமில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பும் மோகனசுந்தரம், மனைவியைப் புறக்கணித்துக் காந்தா என்னும் பெண்ணின் வீடே கதி என்று கிடக்கிறான், தொழுநோய் அவனைப் பற்றுகிறது, எல்லாரும் கைவிடுகிறார்கள். இறுதியில் தன்னைப் பார்த்து மற்றவர்கள் பாடம் கற்றுக்கொள்ளத் தனக்கொரு சிலை வைக்கச் சொல்கிறான். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்பதை ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்துவிட்டார். அது ஒழுக்கக் கேட்டால் வருவதில்லை என்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஆனால் மூடநம்பிக்கைகளைச் சாட்டை கொண்டு விளாசிய பகுத்தறிவு மேடையில் வளர்ந்த அந்தக் கலைஞரே, நோய் என்பது பாவத்தின் கூலி என்ற மிகப் பழைய மூடநம்பிக்கைக்குத் தம் முழுத் திறமையையும் ஈந்தார். இதைவிடப் பெரிய நகைமுரண் நம் திரையுலகில் உண்டா?

நாம் சிரிப்பதற்கும் இடமில்லை. பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனுடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமில்லை என்று ஆண்டவர் பதிலளித்ததை யோவான் நற்செய்தியில் ஆண்டாண்டாய்க் கேட்டு வருகிறோம். கேட்டுவிட்டு வீடு திரும்பியதும், “அந்தக் குடும்பத்துக்கு ஏதோ சாபம்” என்கிறோம். கிறிஸ்தவர்களுக்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில், கணவனுக்கோ மனைவிக்கோ குணமாகாத தொழுநோய் இருப்பது மணமுறிவுக்கு ஒரு காரணமாக 2019 வரை நீடித்தது. நோய்க்கு மருந்து வந்து பல பத்தாண்டுகள் கடந்த பிறகே நாடாளுமன்றம் அதை நீக்கியது. 2017-இல் வந்த ‘அருவி’ படத்தில், தன் தவறு ஏதுமின்றி எச்.ஐ.வி. தொற்றிய பெண்ணைப் பெற்ற வீடே ஐயுற்று வெளியே தள்ளுகிறது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் கேள்வி மாறவில்லை. நோயின் பெயர்தான் மாறியிருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நோயாளி அல்லள், கேள்வி கேட்ட வீடு. அதற்காக அதை மதிக்கிறேன்.

இப்போது வெட்கம் தியாகமாக வேடம் மாறும் இடத்துக்கு வருவோம். 1961-இல் பீம்சிங் இயக்கிய ‘பாலும் பழமும்’ படத்தைக் கண்ணீர் விடாமல் பார்த்தவர்கள் நம் பெற்றோர் தலைமுறையில் அரிது. புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் மருத்துவர் ரவி. செவிலியாக வந்து மனைவியாகும் சாந்தி. சாந்திக்குக் காசநோய் வருகிறது. தன்னைக் கவனிப்பதில் கணவனின் ஆராய்ச்சி கெட்டுவிடுமே என்று அவள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அவள் இறந்துவிட்டாள் என்று வீடு நம்புகிறது. அவன் வேறொருத்தியை மணக்கிறான். குணமடைந்து திரும்பும் சாந்தி, இதற்குள் பார்வை இழந்துவிட்ட கணவனுக்கு, தான் யாரென்று சொல்லாமலே செவிலியாகப் பணிவிடை செய்கிறாள்.

நன்கு கவனியுங்கள். மனைவியின் நோய் கணவனின் வேலைக்கு இடைஞ்சல். ஆகவே அவள் விலகுவது அறம். இதை நாம் காவியம் என்று கொண்டாடினோம். ஆனால் அதே சென்னை நகரில், அந்தப் படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, வேறொரு செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவர்களுடைய எளிய, நெரிசல் மிகுந்த வீடுகளிலேயும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்தில் நல்ல உணவு, ஓய்வு, வீட்டில் வறுமை. அப்படியிருந்தும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தார்கள். வீட்டிலேயே நோயாளியை வைத்துக்கொண்டதால் உடன் வாழ்ந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றிவிடவும் இல்லை. 1959-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்த அந்த முடிவு, காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து வைக்கும் வழக்கத்தையே உலகெங்கும் அசைத்தது. நோயாளி வீட்டில் இருக்கலாம் என்று சேத்துப்பட்டு சொல்லிக்கொண்டிருந்தது. நோயாளி வீட்டை விட்டு ஓடுவதே அழகு என்று கோடம்பாக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தக் குரல் நம் ஊர்களுக்குள் வந்து சேர்ந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு புற்றுநோயின் காலம். 1982-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தெலுங்கில் முந்தைய ஆண்டு வெற்றி பெற்ற ‘பிரேமாபிஷேகம்’ தமிழில் ‘வாழ்வே மாயம்’ ஆயிற்று. தனக்குப் புற்றுநோய் என்று அறிந்த நாயகன், காதலி தன்னை வெறுக்க வேண்டும் என்பதற்காக ஒழுக்கம் கெட்டவனாக நடிக்கிறான். அவளை வேறொருவனுக்கு மனைவியாக்குகிறான். அதே ஆண்டு வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் பாடகனும் தன் இரத்தப் புற்றுநோயை மறைத்துக்கொண்டு, தன்னை நேசிப்பவளை விலக்கப் பார்க்கிறான். பாட்டுகள் இனிமையானவை, அவை இன்றும் வானொலியில் ஒலிக்கக் கேட்டு நானும் உருகுகிறேன். உருகிய பின் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் கருத்தை யாரேனும் கேட்டார்களா? இறக்கப் போகிறவனோடு அவள் கடைசி ஆறு மாதங்கள் வாழ விரும்பியிருக்கலாம் அல்லவா? அந்த உரிமையை அவளிடமிருந்து பறித்துவிட்டு, பறித்ததற்குத் தியாகம் என்று பெயரிட்டோம். தியாகம் செய்பவன் தன்னுடையதைக் கொடுப்பான். இவன் கொடுத்தது அவளுடையதை.

எல்லாப் படங்களும் அப்படியில்லை. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962-இல் வந்தது. அதன் பெரும்பகுதி ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. புற்றுநோயோடு வரும் வேணு. அவன் மனைவி சீதா. அவளை முன்பு காதலித்த மருத்துவர் முரளி. முடிவு மிகையானதுதான், கணவனைக் காப்பாற்றிய மருத்துவர் தாமே உயிர் துறக்கிறார். ஆனால் வேணு பேசுகிறான். நான் இறந்தால் நீ என்ன செய்வாய் என்பதை மனைவியின் முகத்துக்கு நேரே பேசுகிறான், அவன் சொல்வது அவளுக்குப் பிடிக்கவில்லை, மறுத்து அழுகிறாள். அவளுக்கு மறுக்க வாய்ப்புக் கிடைக்கிறது! இருபது ஆண்டுகள் பிந்தி வந்த நாயகிகளுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. ‘அஞ்சலி’யும் (1990) பாதி வழி வருகிறது. ஊனத்தோடும் தீராத நோயோடும் பிறந்த குழந்தையை, இறந்தே பிறந்தது என்று மனைவியிடம் சொல்லி ஒளித்து வைக்கிறான் கணவன். உண்மை வெளிப்படும்போது தாய் நன்றி சொல்லவில்லை, கொதிக்கிறாள். அந்தக் கொதிப்பு உண்மையானது. பின்னர் குழந்தையை இறக்கச் செய்து படம் நம்மையெல்லாம் அழவைத்து அனுப்பிவிட்டது. அந்தக் குழந்தைக்கு இருபது வயதாகியிருந்தால் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டுவதல்லவா கடினம்?

இனி எதிர்த்தரப்பின் வலிமையான வாதத்தைச் சொல்ல வேண்டும்; இல்லையேல் நான் நேர்மையற்றவன். 2019-இல் லூலூ வாங் என்னும் பெண் இயக்குநர் ‘தி ஃபேர்வெல்’ என்றொரு படம் எடுத்தார். சீனாவில் வாழும் பாட்டிக்கு நுரையீரல் புற்றுநோய். குடும்பம் அதை அவரிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்கிறது. எல்லாரும் கடைசியாக வந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று ஒரு திருமணத்தையே அவசரமாக ஏற்பாடு செய்கிறது. அமெரிக்காவில் வளர்ந்த பேத்தி இது தவறு என்று தவிக்கிறாள். அவளுக்குப் பெரியவர்கள் தரும் விடை இதுதான்: உன் உலகில் ஒருவருடைய உயிர் அவருக்கு மட்டும் சொந்தம், எங்கள் உலகில் அது குடும்பத்துக்குச் சொந்தம், அச்சத்தின் பாரத்தை நோயாளியின் தோளிலிருந்து இறக்கி நாங்கள் சுமக்கிறோம். இயக்குநரின் சொந்தக் குடும்பத்தில் நடந்தது இது. அந்தப் பாட்டி ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார் என்று படத்தின் இறுதியில் காட்டுகிறார்கள்.

இந்த வாதம் என்னைத் தடுமாற வைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் வீடுகளின் வாதமும் இதுவே. ஆனால் அந்தப் பாட்டி திருமண மண்டபத்தில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்கிக்கொண்டு திடமாக நடமாடுகிறார். நோய் உறங்கும் வரை பொய்யும் நிற்கும். நோய் விழித்தெழுந்து, இரவு இரண்டு மணிக்கு வலி முதுகைத் துளைக்கும்போது, “அல்சர்தான் அம்மா, சரியாகிவிடும்” என்று சொல்லும் குரல் யாருக்கு ஆறுதல்? அப்போது நோயாளி தன் உடம்பை நம்புவதா, பிள்ளைகளை நம்புவதா? பாரத்தைக் குடும்பம் சுமப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் அவர் இரட்டைப் பாரம் சுமக்கிறார்: நோயையும், நாம் வருந்தக்கூடாதே என்று தனக்குத் தெரியாததுபோல் நடிக்கும் நடிப்பையும்.

ஜப்பானிய இயக்குநர் குரோசவா 1952-இலேயே இதைக் கண்டுவிட்டார். ‘இகிரு’ படத்தில் வதனபே என்னும் அரசு அலுவலருக்கு வயிற்றில் புற்றுநோய். மருத்துவர் சாதாரணப் புண்தான் என்று மழுப்புகிறார்; காத்திருக்கும் இடத்தில் அறிமுகமில்லாத ஒருவர் சொன்னதை வைத்து இவருக்கே விளங்கிவிடுகிறது. மகனிடம் சொல்ல வீட்டுக்கு வருகிறார். மகனும் மருமகளும் அவருடைய ஓய்வுக்காலப் பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது காதில் விழுகிறது. சொல்ல வாயெடுத்து, முடியாமல், விழுங்கிவிடுகிறார். கடைசியில் தாம் போராடிக் கட்டிய குழந்தைகள் பூங்காவில் உயிர் விடுகிறார். இறந்தவருக்கு முன்னால் அமர்ந்திருக்கும் மகனுக்கு, அப்பா ஏன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது புரியவே இல்லை. இங்கே மறைத்தல் தியாகமில்லை. ஒரு வீடு இருந்தும் வீடில்லாமல் போனதன் அடையாளம். நம் படங்கள் இசை சேர்த்து உயர்த்திய அதே செயலை, குரோசவா வெறும் தோல்வியாகக் காட்டினார்.

இப்போது என் வீட்டுக் கதை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். மிகத் தாமதம் என்றும் சொன்னார்கள். அண்ணனும் நானும் தங்கையும் தாழ்வாரத்தில் நின்று ஐந்தே நிமிடங்களில் முடிவு செய்தோம்: அம்மாவுக்குத் தெரியக்கூடாது. வயிற்றுப் புண் என்றோம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் கோப்பை மறைத்து வைக்கக்கூட நாங்கள் அக்கறை கொள்ளவில்லை.

அம்மாவுக்கு ஓர் அக்காள். பூர்வீக வீட்டுப் பங்கில் வந்த மனத்தாங்கலால் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சில்லை. அந்தக் கோடையில் அம்மா இரண்டு முறை, “உங்க பெரியம்மாவை ஒரு எட்டு வரச் சொல்லலாமா?” என்று கேட்டார். பெரியம்மா வந்தால் அழுவார். அழுதால் உண்மை வெளிப்பட்டுவிடும். ஆகவே, “உடம்பு தேறட்டும் அம்மா, கிறிஸ்மசுக்கு நாமே போகலாம்” என்றோம். அம்மா மூன்றாம் முறை கேட்கவில்லை. அக்டோபரில், எங்கள் அன்பியத்தில் வீடு வீடாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த நாள்களில், இறந்து போனார்.

அடக்கம் முடிந்த பின் பீரோவைத் திறந்தோம். கோடு போட்ட சிறிய நோட்டு ஒன்று இருந்தது. யாருக்கு எவ்வளவு தர வேண்டும், சீட்டுப் பணம் யாரிடம் இருக்கிறது, கம்மல் எந்தப் பேத்திக்கு, அடக்கத்துக்கு எந்தச் சேலை என்று வரிசையாக எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் தேதி இருந்தது. மருத்துவமனையிலிருந்து நாங்கள் திரும்பிய அடுத்த வாரத்துத் தேதி அது. பின்னாளில் தெரு முனை மருந்துக்கடைப் பையன் சொன்னான்: “ஆச்சி அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டி, இது என்ன நோய்க்குன்னு கேட்டாங்க. நான் சொல்லிட்டேன்.” ஆக, நாங்கள் அவருக்காக நடித்தோம், அவர் எங்களுக்காக நடித்தார். ஐந்து மாதங்கள் ஒரே கூரையின் கீழ் நால்வர் நாடகம் போட்டோம். உண்மை பேசியது அந்த மருந்துக்கடைப் பையன் ஒருவன்தான். பெரியம்மா கல்லறையில் என் அண்ணனிடம் கேட்டது இது: “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்தே வந்திருப்பேனேய்யா.”

இன்னொன்றும் உண்டு, நம் பங்குகளில் இது அன்றாடம் நடப்பது. அம்மாவுக்கு நோயில்பூசுதல் கொடுக்கப் பங்குத்தந்தையை அழைத்தது, நினைவு தப்பிய பின்புதான். முன்பே அழைத்தால் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடுமே! இது சாகப்போகிறவர்களுக்கு மட்டுமுரிய அருளடையாளம் அன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் சொன்னது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் சடங்கையே புதுப்பித்தார். அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பெயரும் மாறிற்று. ஆனால் சாமியாரை வாசலில் கண்டாலே சாவு வந்துவிட்டது என்று அஞ்சும் நம் வழக்கம் மட்டும் மாறவில்லை. நோயுற்றவர் விழிப்போடு இருந்து, தம் வாயால் செபித்து, பகையாளியோடு கைகோத்துப் பெற வேண்டிய ஒன்றை, நினைவிழந்த நெற்றியில் பூச வைக்கிறோம். இதுவும் நாம் கற்றுக்கொண்ட அந்த அன்பின் பலன்தான்.

மறைத்தல் மற்றொரு காரியத்தையும் திரையிலிருந்து விரட்டிவிடுகிறது. அது பணிவிடை. நோயைப் பற்றிப் பேசக்கூடாத வீட்டில், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பவளின் முதுகுவலியைப் பற்றி யார் பேசுவது? நம் படங்களில் நாயகன் இருமுகிறான், கைக்குட்டையில் இரத்தம், பாட்டு, முடிவு. படுக்கைப்புண் இல்லை, வட்டிக்கு வாங்கிய பணம் இல்லை, வேலைக்குப் போவதை நிறுத்திவிட்ட மருமகள் இல்லை. மலையாளத்தில் பிளெஸ்ஸி இயக்கிய ‘தன்மாத்ர’ 2005-இல் வந்தது. தலைமைச் செயலக ஊழியர் ஒருவரை மறதி நோய் சிறிது சிறிதாக விழுங்குவதையும், மனைவியும் மகனும் தந்தையும் அதைத் தெரிந்துகொண்டே உடன் வாழ்வதையும் காட்டியது. அங்கே யாரும் யாருக்காகவும் ஓடிப்போகவில்லை. ஓடிப்போகாமல் இருப்பது எத்தனை கடினம் என்பதே கதை. தமிழில் ராமின் ‘பேரன்பு’ மூளை முடக்குவாதமுள்ள மகளைத் தனியே வளர்க்கும் தந்தையைக் காட்டியபோது, பலர் பாதியில் நெளிந்தார்கள். நெளியட்டும். கண்ணீரைவிட நெளிவு மேல்.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்க விரும்பாத நோயாளிகள் உண்டு. அவர்களை வற்புறுத்துவதும் கொடுமையே. ஆனால் விரும்புகிறாரா இல்லையா என்பதை அவரிடம் கேட்டுத்தானே அறிய முடியும்? தாழ்வாரத்தில் நின்று ஐந்து நிமிடங்களில் நாங்கள் முடிவு செய்தோமே, அந்த முடிவு எவருடையது?

சென்ற மாதம் ஓரிரவு அண்ணி தொலைபேசியில் அழைத்தார். என் பெரியப்பா மகனுக்கு நுரையீரலில் கட்டி. முடிவு வந்துவிட்டது. “தம்பி, உங்க அண்ணனுக்கு ஒன்னும் தெரியாது. நீங்க வந்தா சாதாரணமாப் பேசணும், என்ன?” என்றார். பின்னால் தொலைக்காட்சித் தொடர் ஓடும் சத்தம் கேட்டது. “அண்ணி, அவருக்கு எவ்வளவு தெரியணும்னு அவரையே ஒரு தடவை கேட்டிரலாம். நான் பக்கத்துல இருக்கேன்” என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஞாயிறன்று பூசை முடிந்ததும் அங்கே போகிறேன். அண்ணன் மட்டும் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார். வரும்போது ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வரச் சொல்லி.